மூன்று மாத இருமலுக்குக் கொரிய ஊசியும் கஷாயமும் கேட்குமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: கொரியாவில் சூவோனில் வேலை, வயது 34, சிகரெட் பழக்கம் இல்லை. ஜனவரியில் ஃப்ளூ வந்தது. காய்ச்சல் நாலு நாளில் இறங்கிவிட்டது, இருமல் மட்டும் ஏப்ரல் ஆகியும் விடவில்லை. சளி இல்லை, வறட்டு இருமல். ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு எழுப்புகிறது. வாய்விட்டுச் சிரித்தாலும், ஆபீஸிலிருந்து குளிர்காற்றில் இறங்கினாலும் கிளம்பிவிடுகிறது. எக்ஸ்ரே சுத்தம். பக்கத்து கிளினிக்கில் மூன்று தடவை மாத்திரை மாற்றிக் கொடுத்தார்கள். கூட வேலை பார்ப்பவர் ஹனுய்வோன் எனப்படும் கொரிய மரபு வைத்தியசாலைக்குப் போகச் சொல்கிறார்: அக்குபஞ்சர், கூடவே பதினைந்து நாள் கஷாயம், மூன்று லட்சம் வோன். போகலாமா என்று கேட்கிறீர்கள். திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவுக்கும் இதே மாதிரி வறட்டு இருமல், பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர், அவருக்கும் ஒரு பெட்டி கஷாயம் அனுப்பலாமா என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். வெளியே தெரிகிற கேள்வி கொரிய வைத்தியம் கேட்குமா என்பது. உள்ளே இருக்கிற கேள்வி வேறு: மூன்று மாதமாக ஏன் நிற்கவில்லை, யாராவது எதையாவது கவனிக்காமல் விட்டுவிட்டார்களா? இதற்குப் பதில் தெரியாமல் முதல் கேள்விக்குச் சொல்லும் பதில் எதுவும் உங்களுக்கு உதவாது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் நுரையீரல் மருத்துவன். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் இருமலில்தான் பிழைப்பு. நடுவில் இரண்டு வருடம் சியோலில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில் இருந்தேன். அங்கே மருந்து எழுதும் உரிமை எனக்குக் கிடையாது. ஆனால் ஹனுய்சா எனப்படும் கொரிய மரபு மருத்துவர்கள் சிலரோடு பழக வாய்த்தது. ஒரு முறை நோயாளியாகவும் போய்ப் படுத்தேன். அவர்கள் சாஸ்திரத்தை நான் முறையாகப் படித்தவன் அல்ல, நாடி பார்க்கத் தெரியாது. உங்கள் முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கவும் இங்கிருந்து முடியாது. இந்த இரண்டு குறையையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பெரியவர்களுக்கு வரும் இருமலை நாங்கள் நாளை எண்ணிப் பிரிக்கிறோம். மூன்று வாரத்துக்குள் நின்றால் சாதாரண சளித்தொல்லை. மூன்று முதல் எட்டு வாரம் வரை இழுத்தால் பெரும்பாலும் வைரஸ் போன பிறகு மூச்சுக்குழாயில் மிச்சமிருக்கும் எரிச்சல். அது தானாகவே அடங்கும், நாம் செய்ய வேண்டியது பொறுத்திருப்பதும் தூங்க வழி செய்துகொள்வதும்தான். எட்டு வாரம் தாண்டினால் அது நாள்பட்ட இருமல், காரணம் தேடியே ஆக வேண்டும். இந்தியாவில் இதற்கும் முன்னால் ஒரு கோடு போட்டிருக்கிறோம்: இரண்டு வாரம் தாண்டினாலே காசநோய்க்குச் சளிப் பரிசோதனை. கொரியாவிலும் காசநோயை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பணக்கார நாடுகள் வரிசையில் அந்த நோய் அதிகம் இருக்கும் நாடுகளில் அதுவும் ஒன்று. எக்ஸ்ரே சுத்தம் என்பது பெரிய ஆறுதல்தான். ஆனால் அந்த எக்ஸ்ரே ஜனவரியில் எடுத்ததா, இப்போது எடுத்ததா என்று நீங்கள் எழுதவில்லை. ஜனவரி என்றால் இன்னொன்று எடுத்துவிடுங்கள். சளியில் ரத்தம், எடைக் குறைவு, சாயங்காலக் காய்ச்சல், குரல் கம்மிப்போய்த் திரும்பாமல் இருப்பது, மூச்சு வாங்குவது, இதில் ஒன்று இருந்தாலும் இந்தப் பதிலை மூடிவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

எக்ஸ்ரேயில் தெரியாத காரணங்கள்தான் உங்கள் வயதில் அதிகம். மூக்கின் பின்பக்கமாகத் தொண்டைக்குள் சொட்டும் நீர் ஒன்று. வயிற்றுப் புளிப்பு மேலே ஏறி வருவது ஒன்று. கக்குவான் இருமல் ஒன்று. கொரிய மொழியில் அதன் பேரே நூறு நாள் இருமல் என்றுதான் பொருள்படும், 2024-ல் அங்கே அது பெரிய அளவில் பரவவும் செய்தது. அப்புறம், வீசிங் சத்தமே இல்லாமல் இருமலாக மட்டும் வெளிப்படும் ஆஸ்துமா. இவை எதுவும் இல்லாமல், இருமலைக் கிளப்பும் நரம்புகளே தொட்டாற்சிணுங்கியாகிவிடுவதும் உண்டு. சமையல்கட்டில் வரமிளகாய் தாளிக்கும்போது வீடு முழுக்க இருமுகிறதே, அந்தக் கார நெடியைத்தான் ஆய்வுக்கூடத்தில் அளந்து மூக்குக்கு முன் ஊதி, ஒருவருடைய இருமல் நரம்பு எவ்வளவு சுலபமாகக் கிளம்புகிறது என்று சோதிக்கிறார்கள். நரம்பு நொந்திருப்பவருக்குத் தாளிப்பே வேண்டாம். குளிர்காற்று, சென்ட் வாசனை, கொஞ்சம் சத்தமாகப் பேசுவது, எதுவும் போதும்.

உங்கள் விவரத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது அந்தச் சத்தமில்லாத ஆஸ்துமாதான். நடு ராத்திரி எழுப்புவது, சிரிப்பில் கிளம்புவது, குளிர்காற்றில் கிளம்புவது, ஃப்ளூவுக்குப் பின் தொடங்கியது, நாலும் அந்தப் பக்கமே கை காட்டுகின்றன. இது ஊகம், தீர்ப்பு அல்ல. உறுதிப்படுத்த ஊதிப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. அது சரியாக இருந்தாலும் ஆஸ்துமா இல்லை என்று ஆகிவிடாது, மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு அளப்பது, மெத்தகோலின் கொடுத்துக் குழாய் சுருங்குகிறதா பார்ப்பது என்று அடுத்த படிகள் உண்டு. கொரியாவில் பெரிய மருத்துவமனைகளில் இவை சாதாரணமாகக் கிடைக்கும். அதுவாக இருந்தால் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்தில் சில வாரங்களில் வித்தியாசம் தெரியும். மூன்று தடவை மாத்திரை மாறியதில் இன்ஹேலர் ஒரு தடவையாவது இருந்ததா? நீங்கள் எழுதியதில் இல்லை.

சரி, ஹனுய்வோனுக்கு வருவோம். நம் ஊரில் அக்குபஞ்சர் என்றதும் ஒரு வார இறுதிப் பயிற்சியில் சான்றிதழ் வாங்கியவரும் நினைவுக்கு வருவார். கொரியாவில் அப்படி இல்லை. ஹனுய்சா என்பவர் ஆறு வருடம் பல்கலைக்கழகத்தில் படித்து, தேசியத் தேர்வு எழுதி உரிமம் வாங்குகிறவர். 1951-லிருந்து சட்டப்படி அலோபதி மருத்துவருக்கு இணையான தனிப் பிரிவு. ஊசி, மூலிகைச் சூடு, கப்பிங் (தோலில் கிண்ணத்தை ஒட்டவைத்து உறிஞ்சுவது) இவற்றுக்கு 1987-லிருந்து தேசியக் காப்பீடு உண்டு. அதனால் ஒரு முறை ஊசி போட்டுக்கொள்ள உங்கள் கையிலிருந்து போவது பெரிய தொகை அல்ல. மூன்று லட்சம் வோன் என்பது கஷாயத்துக்கு. தனித்தனியாகக் காய்ச்சித் தரும் கஷாயத்துக்குக் காப்பீடு 2020 கடைசியில்தான் சோதனை முறையில் தொடங்கியது, அதுவும் குறிப்பிட்ட சில நோய்களுக்கு மட்டும். 2024-ல் அந்தப் பட்டியலில் ஒவ்வாமை மூக்கடைப்பு சேர்ந்தது. நாள்பட்ட இருமல் அப்போதும் சேரவில்லை. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: 56 பழைய கலவைகள் பொடி வடிவில் காப்பீட்டிலேயே வருகின்றன. இருமல், சளிக்கு அதிகம் எழுதப்படும் இரண்டு மூன்று அதிலேயே இருக்கின்றன. கஷாயப் பெட்டி வாங்குவதற்கு முன்னால் அந்தப் பொடியைப் பற்றிக் கேளுங்கள்.

நானும் நோயாளியாகப் போய்ப் படுத்தேன் என்றேனே, அந்தக் கதை இது. சியோலில் எனக்கு இரண்டாவது வசந்தம். மங்கோலியப் பக்கமிருந்து மஞ்சள் தூசி வந்து இறங்கும் காலம். காலையில் நிறுத்தியிருக்கும் கார்களின் மேல் விரலால் பேர் எழுதலாம். எனக்கும் சளிக்காய்ச்சல் வந்து போய் ஆறாவது வாரம், இருமல் ஓயவில்லை. என் சொந்தச் சிகிச்சை என்னவென்று எனக்கே தெரியும்: காத்திருப்பது. காத்திருக்கப் பொறுமை இல்லை. ஜேகி-தோங் மூலிகைச் சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ஹனுய்வோன். கதவைத் திறந்ததும் சுக்கும் பட்டையும் அதிமதுரமும் சேர்ந்து கொதிக்கும் வாசனை. நம் ஊர் நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது, கொஞ்ச நேரம் இருமலே மறந்துபோனது. ஹனுய்சாவுக்கு என் வயதுதான் இருக்கும். மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து இரண்டு கையிலும் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு கேள்விகள். படுத்ததும் வருகிறதா, விடியற்காலையா? சாப்பிட்ட பிறகு கூடுகிறதா? சளி தண்ணீர் மாதிரியா, பசை மாதிரியா? கை கால் சில்லென்று இருக்குமா? தாகம் எப்படி, தூக்கம் எப்படி, மலம் எப்படி? இருபது நிமிடம் கேட்டார். என் ஓ.பி.யில் ஒருவருக்கு நான் ஒதுக்குவது நாலைந்து நிமிடம். அன்றைக்கு அது எனக்கு உறைத்தது. அவர் கேட்டதில் பாதி, நேரம் இருந்தால் நானும் கேட்க வேண்டிய கேள்விகளே.

பிறகு சூடேற்றிய கட்டிலில் படுக்க வைத்து, முழங்கை மடிப்பில், மணிக்கட்டுக்கு மேலே, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, முழங்காலுக்குக் கீழே என்று தலைமுடி அளவுக்கு மெல்லிய ஊசிகள். குத்தும்போது எறும்பு கடித்த மாதிரி. கொஞ்சம் திருகியதும் ஒரு கனம், ஒரு மந்தமான இழுப்பு. மேலே சிவப்பு விளக்கு. பதினைந்து நிமிடத்தில் நான் குறட்டையே விட்டேனாம். அன்று ராத்திரி ஒரு மாதத்தில் முதல் தடவையாக இடையில் எழாமல் தூங்கினேன். மூன்று வாரத்தில் ஆறு முறை போனேன். ஒன்பதாவது வாரம் இருமல் நின்றது.

ஊசியாலா நின்றது? எனக்குத் தெரியாது, அந்த ஹனுய்சாவுக்கும் தெரியாது. சளிக்காய்ச்சலுக்குப் பின் வரும் இருமல் எட்டு, ஒன்பது வாரத்தில் தானாக ஓய்வது வழக்கம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இருமலில் நடக்கும் அளவுக்கு வேறு எந்த நோயிலும் நான் பார்த்ததில்லை. யார் கடைசியாக மருந்து கொடுத்தாரோ அவருக்குப் பெயர். என் நோயாளிகள் எனக்குச் சொல்லும் நன்றியிலும் இப்படி விழுந்த பனம்பழங்கள் நிறைய உண்டு.

ஊசியைப் பற்றி ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று நேராகக் கேட்டால், நாள்பட்ட இருமலுக்கு அது கேட்கும் என்று சொல்லும் அளவுக்குப் பலமான ஆதாரம் இல்லை. இருக்கும் ஆய்வுகள் சிறியவை, பெரும்பாலும் சீனாவில் நடந்தவை, கஷாயத்தையும் ஊசியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு எது வேலை செய்தது என்று பிரிக்க முடியாதவை பல. அதோடு ஒரு சிக்கல்: மாத்திரை என்றால் அதே நிறத்தில் மாவு மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம். ஊசிக்குப் போலி எப்படிச் செய்வது? 1998-ல் ஜெர்மனியில் குத்துவது போலத் தோன்றி உள்ளே மடங்கிக்கொள்ளும் போலி ஊசி ஒன்றைச் செய்தார்கள். அப்போதும் குத்துகிறவருக்கு உண்மை தெரியும். இருமலில் இது முக்கியம், ஏனென்றால் மருந்து சாப்பிட்டோம் என்ற நினைப்புக்கே அடங்கும் குணம் இருமலுக்கு அதிகம். மூளை நினைத்தால் இருமலை ஓரளவு அடக்க முடியும். கச்சேரியில் எல்லோரும் ராகம் முடிகிறவரை அடக்கிவைத்து, கைதட்டலோடு சேர்த்து இருமுவதைப் பார்த்திருப்பீர்களே. வெறும் மாவு மாத்திரை குழுவிலும் இருமல் கணிசமாகக் குறைவது பல சோதனைகளில் வந்திருக்கிறது. அதனால் 'போட்டுக்கொண்டேன், குறைந்தது' என்பது உண்மை அனுபவமாக இருக்கலாம், ஆனாலும் ஊசி முனைக்கு அது சாட்சி ஆகாது.

அதே சமயம் முழுக்கக் கற்பனை என்றும் தள்ள மாட்டேன். நொந்துபோன நரம்பு, தூக்கமின்மை, இருமி இருமி இறுகிய கழுத்தும் விலாவும், இவற்றின் மேல் ஊசியும் சூடும் அமைதியான அரை மணி நேரமும் ஏதோ செய்கின்றன என்று நம்ப இடம் இருக்கிறது. அளவு எவ்வளவு என்பதுதான் நிச்சயமில்லை. ஆபத்து குறைவு என்பது ஓரளவு நிச்சயம்: ஜெர்மனியில் 2.29 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல் ஏதோ ஒரு தொல்லை, பெரும்பாலும் ரத்தக்கட்டும் வலியும்தான். நுரையீரலில் ஊசி இறங்கிக் காற்றுக் கசிந்தது இரண்டு பேருக்கு. அரிது, ஆனால் பூஜ்யம் இல்லை. தொண்டைக் குழியிலும் மேல் முதுகிலும் இருமலுக்கான புள்ளிகள் இருக்கின்றன. ஒல்லியான உடம்பு என்றால் அங்கே ஆழமாகப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஊசி போட்ட அன்று திடீர் மார்வலியோ மூச்சு முட்டலோ வந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. தேனீ விஷத்தை ஊசியில் ஏற்றுவதும் அங்கே உண்டு. அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். 2018-ல் முதுகுவலிக்கு அதைப் போட்டுக்கொண்ட ஒருவர் ஒவ்வாமை அதிர்ச்சியில் இறந்துபோனது அந்த நாட்டையே உலுக்கியது. ஒருவேளை உங்களுக்கு ஆஸ்துமா என்றால் அந்த ஆபத்து இன்னும் கூடும்.

கஷாயம் வேறு சமாச்சாரம். அது உண்மையான மருந்து, அதனால்தான் எனக்கு அதில் மரியாதையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. ஹோ ஜுன் என்ற அரச மருத்துவர் 1610-ல் எழுதி முடித்து 1613-ல் அச்சான தோங்உய்போகாம் என்ற நூலைத்தான் ஹனுய்சாக்கள் இன்றும் எடுத்துக்காட்டுவார்கள். யுனெஸ்கோ 2009-ல் அதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அதில் இருமலுக்குத் தனிப் பகுதி. சத்தம் உண்டு, சளி இல்லை என்றால் ஒரு சொல். சளி உண்டு, சத்தம் இல்லை என்றால் இன்னொரு சொல். இரண்டும் சேர்ந்தால்தான் முழு இருமல். பிறகு காற்று இருமல், குளிர் இருமல், வறட்டு இருமல், ராத்திரி இருமல், நாள்பட்ட இருமல், குடிகாரர் இருமல், தின்றது செரிக்காத இருமல் என்று பதினாறு வகை. 'செரிக்காத இருமல்' என்பதைப் படித்தபோது, நாங்கள் வயிற்றுப் புளிப்பு இருமல் என்று 20-ஆம் நூற்றாண்டில் எழுதியதை அவர் அப்போதே பார்த்துவிட்டாரே என்று துள்ளினேன். கூட இருந்த ஹனுய்சா சிரித்துவிட்டு, அவர் சொன்னது வயிற்றில் தேங்கிய உணவிலிருந்து பிறக்கும் சளியைப் பற்றி, நீங்கள் சொல்லும் அமிலத்தைப் பற்றி அல்ல என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. கூர்ந்து கவனித்தது இரண்டு பேரும்தான், விளக்கம் வேறு.

உங்களுக்குத் தரக்கூடிய கலவைகளில் இரண்டைச் சொல்கிறேன். வறட்டு இருமலுக்கு மெங்முன்தோங்தாங் என்று ஒன்று: ஒரு கிழங்குவேர், ஜின்செங், இலந்தை, அதிமதுரம், பின்னெல்லியா கிழங்கு, கூடவே அரிசி. ஜப்பானிலும் இதே கலவை வேறு பேரில் பொடியாக மருத்துவர்களால் எழுதப்படுகிறது. சளிக்காய்ச்சலுக்குப் பின் வரும் இருமலில் கொஞ்சம் உதவுகிறது என்று சிறு ஆய்வுகள் அங்கே உண்டு. பெரிய ஆய்வு தேவை. இன்னொன்று சோச்சோங்ரியோங்தாங், குளிர்காற்றில் கிளம்பி, தண்ணீர் மாதிரி சளியும் மூக்கு ஒழுகலும் இருப்பவருக்கு. இதில்தான் விஷயம் இருக்கிறது. இதன் முதல் சரக்கு மாஹ்வாங் என்ற குச்சிச் செடி. 1885-ல் ஜப்பானில் நாகாய் நாகாயோஷி அதிலிருந்து பிரித்தெடுத்ததுதான் எஃபெட்ரின். மூச்சுக்குழாயை விரிக்கும், ஆகவே ஆஸ்துமா இருமலில் இந்தக் கஷாயம் நிஜமாகவே கேட்கலாம். ஆனால் குழாயை விரிப்பது வேறு, உள்ளே இருக்கும் அழற்சியை ஆற்றுவது வேறு. எங்கள் அனுபவத்தில் ஆஸ்துமாக்காரரைக் கவிழ்ப்பது இதுதான்: குழாய் விரிந்ததும் நலம் என்று நினைத்துக்கொள்வார், அழற்சி உள்ளே கனன்றுகொண்டே இருக்கும், ஒரு நாள் ராத்திரி ஆம்புலன்ஸில் வருவார். கஷாயம் கேட்டுவிட்டால் காரணம் தேடுவதை நிறுத்திவிடுவீர்களோ என்பதுதான் உங்கள் விஷயத்தில் என் கவலை. கஷாயம் கேட்காமல் போனால்கூட இவ்வளவு கவலைப்பட மாட்டேன்.

எஃபெட்ரின் இதயத்தை ஓட்டும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும், புராஸ்டேட் வீங்கிய பெரியவருக்குச் சிறுநீரை அடைக்கும். உடல் இளைக்கும் மாத்திரைகளில் அதைப் போட்டு விபரீதமாகி, அமெரிக்கா 2004-ல் சத்து மாத்திரைகளில் அதைத் தடை செய்தது. அதிமதுரம் நம் வீட்டிலும் இருப்பதுதான், ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் நாள் கணக்கில் கஷாயமாகக் குடித்தால் உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை இறக்கி, அழுத்தத்தை ஏற்றும். பழைய இருமல் மருந்துகளில் குதிரையின் கழுத்து மணி போலத் தொங்கும் ஒரு காயும் இருந்தது, அரிஸ்டோலோக்கியா குடும்பம். நம் ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே குடும்பம்தான். அந்தக் குடும்பத்துச் செடிகளில் உள்ள அமிலம் சிறுநீரகத்தை அழிக்கும், புற்றுநோயும் தரும். பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் இளைக்கும் மருந்தில் இது கலந்துபோய் நூறு பெண்களுக்கு மேல் சிறுநீரகம் பாழானது. கொரியா 2005-ல் அந்தச் சரக்குகளைத் தடை செய்துவிட்டது. அதனால் உரிமம் உள்ள ஹனுய்வோனில் அந்தப் பயம் குறைவு. இணையத்தில் பேர் தெரியாத பொடி வாங்குவதில்தான் அதிகம். நம் ஊர் 'ஆஸ்துமா பொடி'யும் அப்படித்தான். ஒரே வாரத்தில் அற்புதமாகக் கேட்கும், ஆறு மாதத்தில் முகம் நிலா மாதிரி வீங்கி என்னிடம் வருவார்கள். உள்ளே ரகசியமாக ஸ்டீராய்டு.

மூலிகை என்றாலே நான் முகம் சுளிப்பவன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் தினம் எழுதும் புரோம்ஹெக்ஸின் சளி மருந்து நம் ஆடாதோடையிலிருக்கும் வாசிசின் என்ற பொருளை மாதிரியாக வைத்துச் செய்தது. உங்கள் கிளினிக்கில் கொடுத்த பழுப்பு நிற சிரப் சினேசுரா என்றிருந்தால் அதுவே ஐவி இலையும் கோப்டிஸ் வேரும்தான். அலோபதி மருத்துவர் எழுதியதால் யாரும் அதை மூலிகை என்று சொல்வதில்லை, அவ்வளவே.

ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இது. முதலில் நுரையீரல் மருத்துவரிடம் போய் ஊதும் பரிசோதனை, தேவைப்பட்டால் மெத்தகோலின், புது எக்ஸ்ரே. ஆஸ்துமா என்று வந்தால் இன்ஹேலரை ஒழுங்காக இரண்டு மாதம். அதற்கிடையில் ஊசி போட்டுக்கொள்ள ஆசை இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், காசும் குறைவு, தூக்கமாவது வரும்; இன்ஹேலரை நிறுத்தச் சொல்கிற இடத்தில் மட்டும் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பரிசோதனை எல்லாம் சுத்தம், நரம்புதான் நொந்திருக்கிறது என்று வந்தால் பேச்சுப் பயிற்சியாளரிடம் இருமலை அடக்கும் பயிற்சி இருக்கிறது. மூச்சை மூக்கால் இழுப்பது, தொண்டை கரகரக்கும்போது இருமாமல் ஒரு மிடறு விழுங்குவது என்று சின்னச் சின்ன வித்தைகள்தான். ஊசியைவிட அதற்கு ஆதாரம் நன்றாக இருக்கிறது, ஆனால் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. கஷாயத்துக்குப் போவதாக இருந்தால் மூன்று விஷயம் கேளுங்கள்: கலவையின் பேர் என்ன, மாஹ்வாங் இருக்கிறதா, அதிமதுரம் ஒரு நாளைக்கு எத்தனை கிராம். பேரை ஒரு தாளில் எழுதி வாங்கி உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். பேர் சொல்ல முடியாது, எங்கள் ரகசியக் கலவை என்றால் வேண்டாம். ஒரேயடியாகப் பதினைந்து நாளுக்கு வாங்காமல் ஐந்து நாளுக்குக் கேட்டுப் பாருங்கள். குடிக்கும் நாட்களில் கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனை.

இதற்கிடையில் ராத்திரிக்கு ஒன்று சொல்கிறேன், மருந்து என்று அல்ல. நான் குடியிருந்த வீட்டுக்காரம்மா எனக்குச் செய்து கொடுத்தது, பேசுக் என்பார்கள். கொரியப் பேரிக்காயைப் பெரிய துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டின் முதுகிலும் மூன்று முழு மிளகைக் குத்திவிடுவார். இஞ்சி கொதித்த தண்ணீரில் போட்டுக் காய் கண்ணாடி மாதிரி ஆகும்வரை வேகவிட்டு, இறக்கித் தேன் விடுவார். மிளகும் இஞ்சியும் தேனும் இருந்ததால் முதல் வாயிலேயே ஊர் ஞாபகம் வந்துவிட்டது; பேரிக்காய்தான் புதுசு. படுக்கும் முன் தேன் தொண்டையை ஆற்றும் என்பதற்குக் குழந்தைகளிடம் செய்த ஆய்வுகளே இருக்கின்றன (ஒரு வயதுக்குள் மட்டும் தேன் கூடாது). உங்கள் பக்கத்துக் கடையில் தொராஜி என்ற மணிப்பூச் செடியின் வேரும் பேரிக்காயும் சேர்ந்த சாறு பாக்கெட்டில் கிடைக்கும், அதுவும் சரிதான்; சர்க்கரையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தரை சூடேற்றும் வீட்டில் குளிர்காலக் காற்று வறண்டுவிடும், ஒரு ஈரத் துண்டைப் படுக்கைக்குப் பக்கத்தில் தொங்கவிடுவதும் அந்த அம்மா சொன்னதே.

கடைசியாக அம்மா. அவருக்குக் கஷாயப் பெட்டி அனுப்பாதீர்கள். மாஹ்வாங்கும் அதிமதுரமும் பி.பி. இருப்பவருக்கு நேர் எதிரி. அவர் சாப்பிடுவதில் சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரையும் இருந்தால் பொட்டாசியம் இரண்டு பக்கமும் இறங்கும். அதைவிட முக்கியம், அவர் இருமலுக்குக் காரணமே அந்த பி.பி. மாத்திரையாக இருக்கலாம். எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் என்று 'ப்ரில்'லில் முடியும் மாத்திரைகள் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத் தொண்டையில் இறகு வைத்துத் தடவுவது போன்ற வறட்டு இருமலைக் கொடுக்கும். தொடங்கிய வாரமே வரலாம், மாதக்கணக்கில் கழித்தும் வரலாம். நாலு மாதம் கஷாயம், ஆவி, மஞ்சள் பால் எல்லாம் பார்த்துவிட்டு வந்த ஒரு ரிட்டையர்டு வாத்தியாருக்கு நான் செய்தது அந்த ஒரு மாத்திரையை மாற்றி எழுதியது மட்டும்தான். மூன்றாவது வாரம் போனில் அவர் பேசியபோது நடுவில் ஒரு இருமல்கூட இல்லை. அம்மா தானாக மாத்திரையை நிறுத்தக் கூடாது, அழுத்தம் எகிறிவிடும். மாற்று மாத்திரை இருக்கிறது, அவருடைய மருத்துவர் ஒரு நிமிடத்தில் எழுதிவிடுவார். அவருக்கும் இரண்டு வாரம் தாண்டியிருந்தால் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் கூடவே நடக்கட்டும். இன்று ராத்திரி போன் பண்ணும்போது மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பேர் தெரியும்படி, வெள்ளி ஓரம் கிழிவதற்கு முன்னால்.